பதிவேட்டின் கடைசிக் கட்டம்

மேற்கே வெள்ளிங்கிரியின் தலையில் மேகம் இன்னும் கலையவில்லை. தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு சிற்றூர். அதன் துணை சுகாதார நிலையத்து வேப்பமர நிழலில் பத்துப் பன்னிரண்டு தாய்மார் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்று புதன்கிழமை. தமிழ்நாடு முழுக்கத் தடுப்பூசி நாள். ஊசி போட்ட குழந்தைகளின் அழுகையும், அதைத் தேற்றும் அம்முச்சிமாரின், அதாவது அம்மாவழிப் பாட்டிமாரின், குரலும் அடங்கியபிறகு, ஊரே நர்சம்மா என்று கூப்பிடும் கிராம சுகாதார செவிலியர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். பழுப்பு அட்டை. முதுகில் துணி ஒட்டி இரண்டு முறை தைத்திருந்தது.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் ஏத்தியாச்சுங்க. இருந்தாலும் இந்த நோட்டு கையில இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருதுங்க."

கர்ப்பிணியின் பெயர், வயது, கடைசி மாதவிலக்குத் தேதி, எதிர்பார்க்கும் பிரசவ நாள், எடை, ரத்த அழுத்தம், எச்.பி. அளவு, பிறகு பிரசவத் தேதி, இடம், ஆணா பெண்ணா, குழந்தையின் எடை. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் வரிக்கு வரி ஒரே சொல்: நலம். சில இடங்களில் பேனா மையில், சில இடங்களில் பென்சிலில்.

ஏன் இரண்டு விதம் என்று கேட்டேன். "பிரசவம் ஆன அன்னிக்கே நலம்னு முடிச்சுட முடியாதுங்க. நாப்பத்திரண்டு நாள் தாண்டோணும். அதுவரைக்கும் பென்சில்தான்."

ஒரு வரி பாதியில் நின்றிருந்தது. தலைப்பிரசவம். கட்டுச்சோறு விருந்து முடித்து, சங்ககிரிப் பக்கம் இருக்கும் பொறந்த வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நாள் நெருங்கிவிட்டது. அங்கிருந்து போன் வந்தால்தான் மிச்சக் கட்டங்கள் நிறையும்.

மக்கள்தொகை சார்ந்த ஆய்வு என்று பல்கலைக்கழகங்கள் சொல்வதன் வேர் இந்த நோட்டுதான். மருத்துவமனைக்குத் தன் வாசல்படி ஏறி வந்தவரைத்தான் தெரியும். வராமல் போனவரும், வரும் வழியிலேயே போய்ச் சேர்ந்தவரும் அதன் கணக்கில் இல்லை. ஒரு நிலப்பரப்பில் வாழும் எல்லோரையும், வீடு விடாமல், கருவுற்ற நாள் முதல் எண்ணினால் மட்டுமே எந்தத் தாய் எதனால் இறந்தாள், எந்தக் குழந்தை ஏன் தங்கவில்லை என்பது தெரியவரும். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அந்த 5,000 பேரையும் முகம் பார்த்து அறிந்த ஒரு பெண் இருப்பதுதான் அந்த அளவுகோலுக்கு உயிர்.

அந்தப் பாதி வரி போன திசையிலேயே நானும் போவதென்று முடிவு செய்தேன். கோவையில் தொடங்கி, அவிநாசி, பெருந்துறை, சங்ககிரி, சேலம் கடந்து, அரூருக்கு அப்பால் மலைகளுக்கு நடுவே கிடக்கும் சிட்லிங்கி வரைக்கும்.

*

கோவையில் முதலில் போன இடம் அவிநாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம். தி.சு. அவிநாசிலிங்கம் 1957-ல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் அது. ராஜம்மாள் பி. தேவதாஸ் அங்கே முதல்வராகவும் பின்னர் துணைவேந்தராகவும் இருந்தார். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து படித்துத் திரும்பிய அவர், கோவையைச் சுற்றிய கிராமங்களையே ஆய்வுக்களமாகக் கொண்டார். தாய் என்ன சாப்பிடுகிறாள், பிள்ளைக்கு என்ன மிஞ்சுகிறது என்று அடுப்படி வரை போய்ப் பார்க்கும் படிப்பை அவர் வளர்த்தார். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் ஆய்வேட்டில் ஏற வேண்டிய பொருள்கள் என்று நம்பிய தலைமுறை அது.

அப்படி வீடு வீடாகப் போய் எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்குத் திருச்சி மாவட்டம் உலகத்துக்கே சாட்சி சொன்னது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் அங்கே 15,419 சிறு குழந்தைகளை ஓராண்டு முழுக்க, வாரம் தவறாமல் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ. அந்தக் குழந்தைகளிடையே சாவு 54 சதவீதம் குறைந்திருந்தது. 1990-ல் வெளியான முடிவு அது. மாலைக்கண் மருந்து என்று பேசப்பட்ட ஒன்று உயிர் காக்கும் மருந்தும்கூட என்பதை எந்த ஒரு மருத்துவமனைக் கட்டிலில் இருந்தும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆயிரக்கணக்கான வாசல்களில் நின்று எண்ணியதால் கிடைத்த உண்மை.

*

அவிநாசியில் இறங்கித் திருப்பூருக்குள் போனேன். பின்னலாடைக் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு வளவு. எதிரெதிரே பத்துப் பத்து வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களே பாதிக்கு மேல். அந்தப் பகுதிச் செவிலியரோடு நடந்தேன். "டீக்கா! டீக்கா!" என்று அவர் குரல் கொடுத்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தடுப்பூசிக்கு இந்தியில் அதுதான் பெயர் என்று வேலைக்கு வந்த மறுமாதமே கற்றுக்கொண்டாராம்.

பெண் எங்கே இருக்கிறாளோ அங்கே கணக்கும் இருக்க வேண்டும். நம் ஊரில் அது எளிதல்ல. புகுந்த வீட்டில் கர்ப்பமாவாள், பொறந்த வீட்டில் பெறுவாள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புவாள். அம்மா வீட்டுப் பிரசவம் என்ற அன்பான வழக்கம், கணக்கெடுப்பவருக்குப் பெரிய ஓட்டை. இரண்டு ஊர் நோட்டுகளிலும் ஏறாமல் ஒரு குழந்தை நழுவிவிடலாம். திருப்பூர் வளவுப் பெண்களுக்கோ அம்மா வீடு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அதனால்தான் தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்ததும் ஒவ்வொரு பெண்ணுக்கும் 12 இலக்க எண் ஒன்று தருகிறார்கள். ஊரில் அதற்குப் பெயர் பிக்மி நம்பர். அவள் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் எண் கூடவே போகும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவிக்கும் அந்த எண் வேண்டும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் வேண்டும். 2006-ல் 6,000 ரூபாயாக இருந்த அந்த உதவி, 2011-ல் 12,000 ஆகி, 2018-ல் 18,000 ஆனது.

இந்த எண்ணுக்குப் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் அது ஒரு குடும்பத்தின் துக்கமாக மட்டும் முடிந்துவிடுவதில்லை. 1990-களிலிருந்தே ஒவ்வொரு தாய்மரணத்தையும் தனித்தனியே விசாரிக்கும் முறை இங்கே வளர்ந்தது. வீட்டுக்குப் போய், உறவினரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் உட்கார்ந்து கேட்பார்கள். எத்தனை மணிக்கு வலி கண்டது? யார் போகலாம் என்று சொன்னது? வண்டி எப்போது வந்தது? ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்? மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் இறந்தவரின் வீட்டாரையும் அழைத்து அந்த மரணத்தை அலசுவார்கள். முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் தாமதம் என்று மூன்று தாமதங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. மூன்று செவிலியர்களோடு இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008-ல் வந்த 108 ஆம்புலன்சும், அவசரப் பிரசவ மையங்களும் இந்தத் தாமதங்களைக் குறிவைத்து வந்தவை. 2018–20 கணக்கில் இந்தியாவில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54. இறந்த பெண்களின் கதையைக் காது கொடுத்துக் கேட்டதன் பலன் அது.

*

சங்ககிரிக் கோட்டையைக் கடந்து பஸ் சேலத்தை நெருங்கியது. இதே பக்கத்தில் எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பாதி வரிக்கு உரியவள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைவு கூடவே வந்தது.

ஓமலூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு செவிலியரைப் பார்த்தேன். வாசலில் கட்டில் போட்டு, மோர் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார். முப்பது வருட வேலையில் எழுதவே கை கூசிய இரண்டு சொற்கள் உண்டு என்றார்.

"சமூகக் காரணம்."

பெண் சிசு பிறந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்திருக்கும். காய்ச்சல் என்பார்கள், பால் புரையேறியது என்பார்கள். இவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். பதிவேட்டில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'சமூகக் காரணம்' என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்த நாள்கள் உண்டு. "கள்ளிப்பால்னு எழுத மனசு வரலீங்க. எழுதாம விடவும் மனசு வரலீங்க."

எழுதாமல் விடாததுதான் பெரிய காரியம். ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் 1995-ஆம் ஆண்டுப் பதிவுகளை மாநிலம் முழுக்கத் திரட்டி ஆராய்ந்து 1997-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இயற்கையாக, பிறந்த முதல் மாதத்தில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே சற்று அதிகம் இறக்கும். பெண்ணுக்கு உயிர்ப்பிடி கெட்டி. ஒரு வட்டாரத்தில் அது தலைகீழாக இருந்தால், அங்கே இயற்கையின் கைக்கு மேல் வேறொரு கை இருக்கிறது என்று பொருள். அந்தக் கணக்கில் தர்மபுரி, சேலம், அன்று பெரியார் மாவட்டம் என்றிருந்த ஈரோடு, தெற்கே மதுரை, திண்டுக்கல் என்று ஒரு நிலப்பரப்பு தெளிவாகத் தெரிந்தது. வதந்தியாகவும் கிசுகிசுவாகவும் இருந்த ஒன்று, பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான செவிலியர்களின் கையெழுத்தால் மறுக்க முடியாத சான்றானது.

நம் ஊர்ப் பெயர்களே ஒரு பதிவேடுதான் என்று அந்த அம்மா சொன்னார். பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பம்மாள், குப்புசாமி என்று பெயர் வைத்தார்கள். பிச்சை என்று வைத்தார்கள். வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் போதும்பொண்ணு என்று வைத்தார்கள். பழைய வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள், எந்த வீட்டில் எத்தனை சாவு, எந்த வீட்டில் என்ன ஏக்கம் என்று பெயரே சொல்லும்.

இந்தச் சாவுகளைத் தடுக்க, வேண்டாத பெண் சிசுவை அரசின் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில்தான் தொடங்கியது. 1990-களின் பிற்பகுதியில் தர்மபுரியில் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகத் தெருநாடகம் போட்டன. இரண்டாவது, மூன்றாவது பெண் பிறக்கும் வீடுகளைச் செவிலியர்கள் தனியே கவனித்து அடிக்கடி போய் வந்தார்கள். சிசுக்கொலை குறைந்தது. ஆனால் ஸ்கேன் வந்து, பிறக்கும் முன்பே முடித்துவிடும் வழி வந்தது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தும், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் பிள்ளைகளுக்குச் சேலத்தில் 851 பெண் பிள்ளைகளும் தர்மபுரியில் 826 பெண் பிள்ளைகளுமே இருந்தார்கள். 2011-ல் இரண்டு மாவட்டங்களும் 900-ஐத் தாண்டின. மூடிய கதவு கொஞ்சம் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் கணக்கை இன்று கொங்குநாடு வேறு விதமாகத் தீர்க்கிறது. தோட்டமும் வீடும் இருந்தும் பெண் அமையாத மாப்பிள்ளைகளுக்குக் கேரளத்தில் பெண் எடுக்கிறார்கள். சாரதா சீனிவாசன் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அன்று பதிவேட்டில் 'சமூகக் காரணம்' என்று எழுதப்பட்டவர்கள் இருந்திருந்தால், இன்று இந்தக் கல்யாண வீடுகளில் அவர்களும் மணப்பெண்களாக நின்றிருப்பார்கள்.

*

சேலத்திலிருந்து அரூர் பஸ் மஞ்சவாடிக் கணவாயில் ஏறி இறங்கியது. அரூரில் மாறி, கோட்டப்பட்டி வழியாக உள்ளே போகப்போகச் சாலை ஒடுங்கி, ஒரு பக்கம் சித்தேரி மலையும் மறுபக்கம் கல்ராயன் மலையும் நெருங்கி வந்தன. நடுவே தட்டில் வைத்ததுபோலச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினரும், தாண்டா எனப்படும் லம்பாடிக் குடியிருப்புகளும் உள்ள இடம்.

1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி இங்கே வந்தார்கள். காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். ஊர் மக்கள் கட்டிக் கொடுத்த குடிசையில், 100 வாட் பல்பு வெளிச்சத்தில் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். அன்று அருகிலிருந்த பெரிய ஊரான அரூருக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மருத்துவம் பார்த்ததோடு அவர்கள் எண்ணவும் செய்தார்கள். பிறந்த 1,000 குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்தன. ஏழு குழந்தைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த எண் தெரிந்தபிறகு ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடியாது. ஒவ்வொரு ஊரிலும் மக்கள் மதிக்கும் நடுவயதுப் பெண் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பிணியை அடையாளம் காண்பது, சுத்தமான பிரசவம், பிறந்த குழந்தையைச் சூடாக வைத்திருப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் ஊட்டுவது, எடை குறைந்தால் சொல்லி அனுப்புவது. உள்ளூர்ப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்தார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி இதே வழியில் கிராமப் பெண்களைக் கொண்டு பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே காத்து, சாவைப் பாதிக்கு மேல் குறைத்ததை 1999-ல் உலகம் படித்தது. சிட்லிங்கியிலும் 147 என்ற எண் காலப்போக்கில் 20-ஐ ஒட்டி இறங்கியது. மருந்து மட்டும் போதாது என்று கண்டு, சாமையும் கேழ்வரகும் திரும்ப விளையும் இயற்கை விவசாயிகள் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையலுக்குப் 'போர்கை' என்ற அமைப்பும் வளர்ந்தன. லம்பாடியில் போர்கை என்றால் பெருமிதம்.

ஊர்ச் சுகாதாரப் பணியாளராக இருந்த ஒரு மூதாட்டியோடு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். கையில் நோட்டு இல்லை, எழுதப் படிக்கவும் தெரியாது. ஆனால் கீழ்க்கோடி வீட்டில் தொடங்கி, வீடு வீடாக விரல் மடக்கிச் சொன்னார். இந்த வீட்டில் மூன்று, மூன்றும் இருக்குது. அந்த வீட்டில் இரண்டு, ஒன்று குறைமாசம், நெஞ்சோடு கட்டி வைத்துக் காப்பாற்றினோம். இப்படியே தெரு முடிய. கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்தார்.

"ஏழு பெத்தேன் சாமி. மூணு தங்குச்சு."

நான்கு விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அந்த நான்கையும் அவர் யாரிடமும் பதிந்ததில்லை. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற வீட்டுப் பிள்ளைகளைக் காக்க நடந்திருக்கிறார்.

*

திரும்பும் வழியெல்லாம் இனி எண்ண வேண்டியவை மனதில் ஓடின. 2019–21 குடும்ப நல ஆய்வின்படி, பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடந்த மாநிலம் நம்முடையது. ஆனால் அதே ஆய்வின்படி நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இத்தனை கத்தி எதற்கு? ஆலையும் தோட்டமும் செழித்த சீமையில் பெண்ணின் உடம்பில் ஏன் ரத்தம் ஊறவில்லை? வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள்? இந்தக் கேள்விகளுக்கும் விடை அந்த நோட்டுகளில்தான் தொடங்கும். அவற்றை எழுதும் பெண்களுக்கு மற்ற வேலைச்சுமை குறைந்து, ஒவ்வொரு வாசலிலும் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார நேரம் கிடைத்தால் போதும்.

சேலம் பஸ் நிலையத்தில் கோவை வண்டிக்குக் காத்திருந்தபோது தொண்டாமுத்தூர்ச் செவிலியரைப் போனில் கூப்பிட்டேன். விடியற்காலையிலேயே அவருக்குச் சேதி வந்திருந்தது. நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. வரியை வாசித்தார்.

"அரசு ஆஸ்பத்திரிங்க. சுகப்பிரசவம். பெண் குழந்தை. ரெண்டு கிலோ எண்ணூறு. அம்முச்சிதான் பேசுனாங்க, அத்தன சந்தோஷம். பேருகூடப் பாத்து வெச்சிருக்கறாங்களாம்."

குறிப்பில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நலம்னு எழுதியிருக்கறேனுங்க. பென்சில்லதான். இன்னும் நாப்பத்தியோரு நாள் இருக்குதுல்லீங்க."